குறைமாதப் பிள்ளையைப் பார்க்கப் போகிறீர்களா?



இம்மாதம் நான் எழுதப்போகும் காரியம் முதலாவது என்னையே குறித்தது. அலிப்பூரின் பெரிய வீடுகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்து, அருகிலுள்ள சேத்லாவின் சந்துகளில் வாடகை அறைகளில் குடியிருக்கும் நம் ஜனங்களை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்குழந்தை 29ஆம் வாரத்தில் பிறந்தது. எடை 1,150 கிராம். தகப்பனார் அலிப்பூரில் ஒரு வீட்டில் கார் ஓட்டுகிறவர். பிள்ளை 46 நாட்கள் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தாயார் ஒவ்வொரு நாளும் பாலைப் பீச்சி எடுத்துச் சிறு பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். சபையார் அனைவரும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்துவந்தோம்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தது. மறுநாள் மாலையே ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். சன்னல்கள் குளிருக்காகச் சாத்தப்பட்டிருந்தன. எனக்கு இரண்டு நாளாகத் தொண்டையில் கரகரப்பும் மூக்கில் நீரும் இருந்தன. பருவம் மாறும்போது எல்லாருக்கும் வருவதுதானே என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்து, நெற்றியில் முத்தமிட்டு, தலையின்மேல் கைவைத்து ஜெபித்தேன். பின்பு பிள்ளை கைக்குக் கை மாறியது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்த பாட்டியாரின் மடியில் போய் நின்றது. அவர்களும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. ஆறாம் நாள் இரவு, தூங்கும்போது மூச்சு சில விநாடிகள் நின்று நின்று வந்தது. உதடு நீலம் பாரித்தது. மறுபடியும் மருத்துவமனை, மறுபடியும் கண்ணாடிப் பெட்டி. இம்முறை மூச்சுக் கருவியும் சேர்ந்தது. பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் இருப்பது தெரிந்தது. இளம் மருத்துவர் ஒருவர் வெளியே வந்து தகப்பனாரிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்கு யார் யார் வந்தார்கள்?" என்பதுதான். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டார். நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

என் சளிதான் அந்தப் பிள்ளையைத் தொற்றியதா, பாட்டியாரின் இருமலா, அல்லது அந்த அறையில் இருந்த வேறொருவரா என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. பிள்ளை பிழைத்தது. பதினோரு நாட்களுக்குப் பின் வீடு திரும்பியது. ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதற்கு இழுப்பு வருகிறது. அந்த இரவுக்குப் பின் மருத்துவர்களிடம் கேட்டும், வாசித்தும் நான் அறிந்துகொண்டவற்றை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முப்பத்தேழு வாரம் நிறைவதற்குமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 1 கோடியே 34 இலட்சம் பிள்ளைகள் இவ்விதம் பிறந்தார்கள். அவர்களில் சுமார் 30 இலட்சம் பேர் நம் தேசத்தில் பிறந்தவர்கள். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! முற்காலத்தில் இவர்களில் மிகச் சிறியவர்கள் பிழைப்பது அரிது. இப்போது அப்படியில்லை. மேற்கு வங்காளத்தின் மிகப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றான புருலியாவில், 2003ஆம் ஆண்டில், டாக்டர் அருண் சிங் என்னும் மருத்துவரின் முயற்சியால் மாவட்ட மருத்துவமனையிலேயே நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. பெரிய நகரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றிருந்த சிகிச்சை சிற்றூருக்கு வந்தது. பின்னாளில் தேசமெங்கும் மாவட்ட மருத்துவமனைகளில் எழும்பிய அத்தகைய பிரிவுகளுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. ஆகவே இன்று 1,200 கிராம் பிள்ளையும் பிழைத்து வீடு வந்து சேர்கிறது. ஆபத்து கண்ணாடிப் பெட்டியோடு முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில், வைரஸ் காத்திருப்பது பெரும்பாலும் வீட்டில்தான்.

நமக்கு வெறும் மூக்கடைப்பாக வந்துபோகும் அதே கிருமி அந்தப் பிள்ளைக்கு ஏன் மரண பயமாகிறது? இரண்டு காரணங்களை மட்டும் சொல்லுகிறேன்.

தாயின் இரத்தத்தில், அவள் வாழ்நாளில் சந்தித்த நோய்களுக்கு எதிரான புரதங்கள் சேர்ந்திருக்கின்றன. அவை தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன. ஆனால் அதிகமாய்ப் போய்ச் சேருவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட பிள்ளை, அந்தச் சீதனம் கைக்கு வருமுன்னே வீட்டைவிட்டுப் புறப்பட்ட பெண்ணைப்போல் வெறுங்கையோடு வருகிறது.

இரண்டாவது காரணம் மூச்சுக்குழாயின் அளவு. ஒரு குழாய் வழியாகக் காற்று செல்லும்போது உண்டாகும் தடை, அக்குழாயின் ஆரத்தின் நான்காம் மடங்குக்குத் தலைகீழாக மாறும் என்பது பௌதிக விதி. எளிமையாகச் சொன்னால், குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்காக அல்ல, பதினாறு மடங்காகிறது. பெரியவர் ஒருவரின் அகன்ற மூச்சுக்குழாயில் சிறிது வீக்கமும் கொஞ்சம் சளியும் இருந்தால் இருமலோடு போய்விடும். அதே அளவு வீக்கமும் சளியும் குறைமாதப் பிள்ளையின் நுண்ணிய குழாயில் வழியையே அடைத்துவிடும். காற்றறைகளும் முழுதாக உருவாகவில்லை. நெஞ்சுக்கூட்டின் எலும்புகளும் மென்மையானவை. மூச்சை இழுத்து இழுத்துக் களைத்துப்போன பிள்ளை ஒரு கட்டத்தில் மூச்சுவிடவே மறந்துவிடுகிறது. அன்றிரவு எங்கள் பிள்ளைக்கு நேர்ந்தது இதுவே.

ஆர்.எஸ்.வி. என்பது ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ் என்பதன் சுருக்கம். இதன் வரலாறு வினோதமானது. நம் பிள்ளைகளை விடுமுறை நாளில் அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சிம்பன்சியைக் காட்டுகிறோமே, அந்தச் சிம்பன்சிக் குரங்குகளுக்கு வந்த ஜலதோஷத்திலிருந்துதான், 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவில் இந்த வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. குரங்குகளின் நோய் என்று முதலில் எண்ணினார்கள். அடுத்த ஆண்டிலேயே பால்டிமோர் நகரத்தில் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளிடம் அதே வைரஸ் காணப்பட்டது. இப்போது நாம் அறிந்திருப்பது, இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் இது ஒருமுறையாவது தொடுகிறது என்பது. நிறைமாதப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சளியோடு போய்விடுகிறது. 2019ஆம் ஆண்டைக் குறித்த ஒரு மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 1 இலட்சம் பிள்ளைகள் ஒரே ஆண்டில் இதனால் மாண்டார்கள். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கும் மேல் நம்முடையதைப்போன்ற ஏழை, நடுத்தர வருமான தேசங்களைச் சேர்ந்தவர்கள்.

இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதைக் குறித்து ரோச்செஸ்டர் என்னும் அமெரிக்க நகரத்தில் டாக்டர் கேரலின் ஹால் என்னும் அம்மையார் ஒரு சோதனை நடத்தி 1981இல் வெளியிட்டார். சபை ஊழியம் செய்கிற ஒவ்வொருவரும் அறியவேண்டிய சோதனை என்று நான் எண்ணுகிறேன். ஆர்.எஸ்.வி. தொற்றிய பச்சிளங்குழந்தைகள் இருந்த மருத்துவமனையில் தன்னார்வலர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவினர் பிள்ளையைத் தூக்கி, அணைத்து, கொஞ்சினார்கள். இரண்டாம் குழுவினர் பிள்ளையைத் தொடவே இல்லை. பிள்ளை இல்லாத நேரத்தில் அதன் கட்டிலையும் பொருட்களையும் தொட்டுவிட்டு, பின்பு தங்கள் கண்ணையும் மூக்கையும் தொட்டுக்கொண்டார்கள். மூன்றாம் குழுவினர் பிள்ளையிடமிருந்து ஆறு அடிக்கும் அப்பால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவு என்ன? கொஞ்சினவர்கள் 7 பேரில் 5 பேருக்குத் தொற்று. பொருட்களைத் தொட்டவர்கள் 10 பேரில் 4 பேருக்குத் தொற்று. தள்ளி உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் இல்லை.

இச்சோதனையில் பிள்ளையிடமிருந்து பெரியவருக்கு வைரஸ் போயிற்று. ஆனால் பெரியவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வழியும் அதுவே. கையும், கை தொட்ட பொருளும், நெருக்கமும்தான் வழி. இதை வாசித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அன்று அந்த அறையில் நான் வாசலண்டையில் நின்று ஜெபித்திருந்தால் ஜெபம் குறைந்துபோயிருக்காது.

ஆர்.எஸ்.வி. ஒன்று மட்டும் என்று எண்ணவேண்டாம். 2023ஆம் ஆண்டின் ஜனவரி முதல் மார்ச் வரை கொல்கத்தா பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். புல்பாகானிலுள்ள பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரே படுக்கையில் இரண்டு மூன்று பிள்ளைகள் கிடந்த படங்களைச் செய்தித்தாளில் பார்த்தோம். அது அடினோ வைரஸ். பேலியாகட்டாவிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், 7ஆம் வகையும் 3ஆம் வகையும் கலந்து உருவான ஒரு கலப்பு வைரஸே அந்த அலையில் மேலோங்கியிருந்ததாகக் கண்டறிந்தார்கள். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், 19 பிள்ளைகள் மரித்ததாகவும் அவர்களில் 13 பேருக்கு வேறு உடற்குறைகள் முன்பே இருந்ததாகவும் சொன்னார். செய்தித்தாள்களின் கணக்கு அதைவிட மிக அதிகமாயிருந்தது. கணக்கைக் குறித்த வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் "முன்பே குறை இருந்தது" என்ற வார்த்தை ஊருக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டதே, அதைக் குறைமாதப் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் எப்படிக் கேட்டிருப்பாள்? நுரையீரல் முதிராமல் பிறந்ததும் ஒரு குறைதானே! ஊராருக்கு நிம்மதி தந்த அந்த வார்த்தை அவளுக்கு நடுக்கத்தைத் தந்திருக்கும்.

அடினோ வைரஸுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்குக் கொழுப்பாலான மேலுறை இல்லை. அதனால் உலர்ந்த மேசையின்மேலும் தாழ்ப்பாளின்மேலும் பல நாட்கள் உயிரோடிருக்கிறது. கையில் தடவிக்கொள்ளும் சாராயக் கலவை மற்ற வைரஸ்களைக் கொல்லும் அளவுக்கு இதைக் கொல்லுவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீருமே உத்தமம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்திலுள்ள புகழ்பெற்ற குழந்தைகள் மருத்துவமனையில் 2016ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரையைச் சோதிக்கப் பயன்பட்ட கருவிகள் ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே சரியாகச் சுத்திகரிக்கப்படாததால், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 23 பிள்ளைகளுக்கு அடினோ வைரஸ் தொற்றியது, நால்வர் மரித்தார்கள். கண் பரிசோதனை அவசியமானது, அதைத் தவிர்த்துவிடாதீர்கள். அத்தனை வசதி நிறைந்த இடத்திலேயே ஒரு கையும் ஒரு கண்ணாடியும் இப்படிச் செய்யுமானால், நம் ஒற்றை அறை வீட்டில் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

மூன்றாவதாக ஒரு வைரஸைக் குறித்து மிகவும் ஜாக்கிரதையாக எழுதுகிறேன். நீங்களும் ஜாக்கிரதையாக வாசியுங்கள். சைட்டோமெகலோ வைரஸ் என்று அதற்குப் பெயர். நம் தேசத்தில் வளர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே வந்து, ஓசையின்றி உடலுக்குள் தங்கிவிட்ட வைரஸ் இது. பிரசவத்துக்குப் பின் பால் சுரக்கும் காலத்தில் அது மார்பகத்தில் மறுபடியும் விழித்து, பாலோடு வெளிவரும். நிறைமாதப் பிள்ளைக்கு இதனால் தீங்கில்லை. தாயின் எதிர்ப்புப் புரதமும் கூடவே அதற்கு வந்திருக்கிறது. 32 வாரத்துக்குமுன் பிறந்த, அல்லது 1,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் இது நோயாக மாறலாம். இரத்தத்தட்டுகள் குறையும், கல்லீரல் பாதிக்கப்படும், தோல் சாம்பல் நிறமாகும், மூச்சு விட்டுவிட்டு வரும். பிராணவாயுவை நெடுநாள் சார்ந்திருக்கச் செய்யும் நாட்பட்ட நுரையீரல் நோயும் இத்தொற்றுடைய பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. கர்ப்பத்திலேயே இந்த வைரஸ் தொற்றிய பிள்ளைகளுக்குச் செவிடு உண்டாவதுண்டு. பிறந்தபின் பால்வழியாய்த் தொற்றியவர்களிடம் அது அவ்வாறு காணப்படவில்லை. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்து மருத்துவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை வாலிப வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். அறிவுத்திறன் சோதனையில், தொற்று வந்தவர்கள் வராத குறைமாதத்தாரைவிடச் சராசரியில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். ஆயினும் இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்தார்கள்.

இதை வாசித்துவிட்டு எந்தத் தாயும் பால்கொடுப்பதை நிறுத்திவிடக்கூடாது. எந்த மாமியாரும் மருமகளின் பாலில் கிருமி இருக்கிறது என்று ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. குறைமாதப் பிள்ளையின் குடல் அழுகிப்போகும் கொடிய நோயையும், இரத்தத்தில் பரவும் பாக்டீரியா தொற்றையும் தாய்ப்பாலைப்போல் தடுக்கக்கூடியது வேறொன்றுமில்லை. அந்த நன்மையோடு ஒப்பிட்டால் இந்த அபாயம் சிறியது; பால்வழியாய்த் தொற்றிய பிள்ளைகளிலும் பெரும்பாலோர் ஒரு அறிகுறியும் இல்லாமல் தேறிவிடுகிறார்கள். மிகவும் சிறிய பிள்ளையாயிருந்தால், பாலை உறையவைத்துக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். உறையவைத்தால் வைரஸ் குறையும், முற்றிலும் ஒழியாது. 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால் வைரஸ் ஒழியும். பாலின் சில நற்குணங்களும் கூடவே குறையும். தானமாகப் பெற்ற பாலை இம்முறையில்தான் பக்குவப்படுத்துகிறார்கள். அலிப்பூரை அடுத்துள்ள எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனையில் 2013ஆம் ஆண்டில் "மதுர் ஸ்நேஹ" என்ற பெயரில் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியாவில் அதுவே முதலாவது. பால் சுரக்காத தாய்மார், டப்பாப் பாலுக்கு ஓடுமுன் தங்கள் மருத்துவமனையில் தானப்பாலைக் குறித்துக் கேட்கவேண்டும்.

இப்படிப்பட்ட தொற்றிலிருந்து மீண்ட பிள்ளைகளின் பிற்காலம் எப்படியிருக்கும் என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். மருத்துவர்கள் சொல்லுவதையே சொல்லுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் மறுபடியும் மருத்துவமனையில் சேர நேரிடுவது சாதாரணம். இழுப்பும் இரவு இருமலும் பல பிள்ளைகளை வருடக்கணக்காய்த் தொடருகின்றன. கடுமையான அடினோ வைரஸ் நியூமோனியாவுக்குப் பின் சிலருக்குச் சிறிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி நிரந்தரமாக அடைபட்டுப்போவதுண்டு. ஆனால் எல்லா இழுப்புக்கும் வைரஸ்தான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. நெதர்லாந்து தேசத்தில் 33 முதல் 35 வாரத்தில் பிறந்த 429 பிள்ளைகளை எடுத்து, பாதிப்பேருக்கு ஆர்.எஸ்.வி.யைத் தடுக்கும் மருந்தும் மற்றவர்களுக்கு வெறும் ஊசியும் போட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு முதல் ஆண்டில் இழுப்பு வந்த நாட்கள் 61 சதவீதம் குறைந்தன என்று 2013இல் அறிவித்தார்கள். ஆறு வயதில் மறுபடியும் சோதித்தபோதோ, இரு பகுதியாரின் நுரையீரல் திறனிலும் வேறுபாடு காணவில்லை. ஆகவே தாய்மாரே, அன்று தொற்று வராதிருந்தால் என் பிள்ளை பரிபூரண சுகத்தோடிருக்கும் என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதிருங்கள். குறைமாதமாய்ப் பிறந்ததே நுரையீரலில் தன் அடையாளத்தை விட்டிருக்கக்கூடும்.

தடுப்பு உண்டா? உண்டு. 1998இல் அமெரிக்காவில் பாலிவிசுமாப் என்னும் எதிர்ப்புப் புரத ஊசி அனுமதி பெற்றது. வைரஸ் பரவும் பருவத்தில் மாதம் ஒன்றாக ஐந்து ஊசிகள். விலை மிக அதிகம். ஆகவே செல்வந்த தேசங்களிலும் மிகச் சிறிய பிள்ளைகளுக்கே அதைக் கொடுத்தார்கள். அதன்பின் ஒரே ஊசியில் ஒரு பருவம் முழுதும் காக்கும் நிர்செவிமாப் 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்டது. கர்ப்பிணித் தாய்க்குப் போடும் தடுப்பூசியும் 2023இல் வந்தது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்திருக்கிறது. தாய்க்குப் போடும் ஊசி பலன்தர இரண்டு வாரமாவது ஆகும். அதற்குமுன் பிறந்துவிடும் பிள்ளைக்கு நேரடியாகப் போடும் புரத ஊசியே உதவும். வீட்டுக்குப் புறப்படும் நாளில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் இதைக் குறித்துக் கேட்கத் தயங்காதேயுங்கள். மற்ற தடுப்பூசிகளையும், பிள்ளை சிறியதாயிருக்கிறது என்று தள்ளிப்போடாமல், பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டுப் போடவேண்டும். ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்கு ப்ளூ ஊசி போட முடியாது; ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்கள் போட்டுக்கொள்வது நல்லது.

ஊசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கைகளைக் கழுவுவதற்குப் பணம் வேண்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவர் எவராயினும் சோப்புப் போட்டுக் கழுவியபின்பே உள்ளே வரட்டும். சளி, இருமல், கண்ணோவு உள்ளவர்கள் வரவே வேண்டாம். நம் போதகரேயானாலும் சரி, வாசலிலேயே நிறுத்துங்கள். அவர் மனம் நோகமாட்டார். நொந்தால் இந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டுங்கள். ஊரிலிருந்து வரும் பாட்டியார் சென்னையில் கோரமண்டல் விரைவு வண்டி ஏறி, ஒரு நாளுக்கும் மேலான பயணத்தில் எத்தனை பேரின் இருமலைச் சுவாசித்து சாலிமாரில் இறங்குகிறார்கள்! அவர்கள் சிலநாள் பொறுத்து, இருமல் ஒன்றும் இல்லையென்று கண்டபின் பிள்ளையை எடுக்கட்டும். அதுவரை அவர்கள் சமையலையும் தாயையும் கவனித்தாலே பேருதவி. பள்ளிக்குப் போகும் அண்ணன், அக்காமாரே வீட்டுக்குள் வைரஸைக் கொண்டுவருவதில் முதலிடம் பெற்றவர்கள். அவர்கள் வந்தவுடன் உடைமாற்றிக் கைகழுவப் பழக்குங்கள்.

நம் பாட்டிமாரின் கைப்பழக்கம் சிலவற்றையும் சொல்லவேண்டும். குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் மூக்கை ஊதிச் சளி எடுப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். ஊதுகிறவரின் வாயிலுள்ளது பிள்ளையின் மூக்குக்குள் போகும். புகையோ, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் மூச்சுக்குழாயை இன்னும் எரிக்கும். மண்ணெண்ணெய் அடுப்பும், பீடியும், கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. ஆனால் அதே பாட்டிமாரின் மற்றொரு வழக்கத்தை நாம் அவசரப்பட்டு எறிந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை பிறந்த வீட்டுக்குள் நாற்பது நாள் அந்நியர் நுழைவதில்லை என்று ஊரில் இருந்தது. தீட்டு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரையும் அதன் பயத்தையும் நாம் விட்டது நல்லதே. தாய் அசுத்தமானவள் அல்ல. ஆனால் அந்த மூடிய கதவு எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கும். கதவைத் திறந்துவிட்டு ஸ்தோத்திர ஜெபத்துக்கு இருபதுபேரை அழைத்தவர்கள் நாம்தான்.

தாயை மட்டும் பிள்ளையிடமிருந்து பிரிக்காதேயுங்கள். தாயின் மார்போடு தோல்மேல் தோலாகப் பிள்ளையை அணைத்துவைத்திருக்கும் கங்காரு முறையைப் பிறந்தவுடனேயே தொடங்கினால் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைகிறதென்று, டெல்லி மருத்துவமனை ஒன்றும் சேர்ந்து நடத்தி 2021இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. தாய்க்கே சளி பிடித்தால் முகக்கவசம் அணிந்து, கைகழுவி, பால் கொடுக்கலாம்.

எப்போது மருத்துவமனைக்கு ஓடவேண்டும்? பிள்ளை அமைதியாயிருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60 அல்லது அதற்குமேல் என்றால் ஆபத்து. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், மூக்குத்துவாரம் விரிதல், முனகல், வழக்கமான பாலில் பாதியும் குடியாமை, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், மூச்சு நின்று நின்று வருதல், உதடு நீலமாதல்: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதேயுங்கள். காய்ச்சல் இல்லையே என்று ஏமாறவேண்டாம். குறைமாதப் பிள்ளைக்குத் தொற்றில் உடல் சில்லிட்டுப்போகவும் கூடும். ஜெபியுங்கள், வண்டியில் போய்க்கொண்டே ஜெபியுங்கள். கடையில் இருமல் மருந்து வாங்கிக் கொடுக்காதேயுங்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலைசெய்யாது என்பதால் அதைக் கேட்டு மருத்துவரை நெருக்கவும் வேண்டாம்.

சென்ற மாதம் சேத்லாவில் வேறொரு குடும்பத்தில், 31 வாரத்தில் பிறந்த ஆண்பிள்ளை வீட்டுக்கு வந்தது. அன்று நானும் என் மனைவியும் மட்டும் போனோம். வராந்தாவில் நின்றோம். தாயார் சன்னலுக்கு உட்புறம் வந்து, போர்த்தியிருந்த துணியை முகத்திலிருந்து சற்று விலக்கிக் காட்டினார்கள். பிள்ளை ஒருமுறை கொட்டாவி விட்டது. அங்கேயே நின்று ஜெபித்தோம். தகப்பனார் மண்குவளையில் தேநீரை வெளியே கொண்டுவந்து கொடுத்து, பிள்ளையின் எடை அன்று காலை 2,310 கிராம் என்று சொன்னார்.